அண்ணனின் குவளைத் தண்ணீர்

வடக்கே எல்லை தாண்டிப் போன அண்ணன் எலாதியோவிடமிருந்து நாலு வருடமாகத் தகவல் இல்லை. இறந்தவர்கள் வீட்டுக்கு வரும் இரவில், இந்த முறை அவன் படத்தையும் படையல் மேடையில் வைத்தாள் அம்மா.

"உசுரோட இருக்கறவனுக்குப் படையலா?" என்று அப்பா கத்தினார்.

"செத்திருந்தா தாகத்தோட வருவானே. யாரு தண்ணி குடுப்பா?"

அப்பா அடங்கினார். "உங்கப்பனுக்குத் தண்ணி பத்தாது, மெஸ்கல் சாராயம் வை," என்று மட்டும் முனகினார்.

மாலை வகுப்பிலிருந்து வந்து நான்தான் ஊற்றினேன். தாத்தா, அத்தை, அண்ணன் மூவருக்கும் ஒரே அளவுக் குவளை, ஒரே குடத்துத் தண்ணீர், விளிம்புவரை.

காலையில் தாத்தாவின் குவளையிலும் அத்தையின் குவளையிலும் வழக்கம்போல் ஒரு விரற்கடை குறைந்திருந்தது. அண்ணனுடையது மட்டும் தளும்பி நின்றது. காற்றில் வற்றியிருந்தால் மூன்றும் அல்லவா வற்றியிருக்க வேண்டும்?

"நயேலி, சரியாத்தானே ஊத்துன?"

"அப்படித்தாம்மா நெனைக்கிறேன்."

அம்மா அந்தத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். படத்தில் ஒட்டியிருந்த செண்டுமல்லி இதழைத் துடைத்து, படத்தை வாசலோரத்துப் பழைய ஆணியிலேயே திரும்ப மாட்டினாள்.

"என்னங்க," என்று அப்பாவைக் கூப்பிட்டாள். சிரித்துக்கொண்டிருந்தாள். "நம்ம பையன் வரல!"