புள்ளிக்குப் பின்னால்

வாசகப் பெருமக்களே, வந்து இந்த அநியாயத்தைக் கண்ணாரக் காணுங்கள். கண்டி நகரில், தொலைபேசியும் கணினியும் வாடகைக்குக் கிடைக்கும் ஒரு கடையின் பின்னறையில் ஒரு சங்கத்து வீரர்கள் கூடியிருக்கிறார்கள். யுத்தம் நடக்கும் நாட்டில் தமிழ் பேசுவோர் வாய் திறப்பதற்கென்று ‘பேசுவோம்’ என்றோர் இணையத்தளம் தொடங்கப் போகிறார்கள். தளத்தின் முகவரியில் அந்தப் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து எந்த வாலை ஒட்டுவது என்பதில்தான் வாரக்கணக்காகச் சண்டை.

கணினிக்கு முன்னால் இருந்தவள் சத்தியபாமா, வங்கி ஊழியை. கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்த அவளுடைய தம்பி சிவமணியைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஒருவர் இல்லை.

இப்படிப் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டார் ஒருவரையொருவர் கண்டுகொள்ளவும், கேள்விப்பட்டதை எழுதிவைக்கவும் ஓர் இடம் வேண்டும் என்ற யோசனையே அவளுடையதுதான். எவரோ எழுதும் ஒரு வரியில் தம்பியின் தடம் கிடைத்துவிடாதா என்று ஏங்கியிருந்தாள்.

தலைவர் விவேகானந்தன் ஓய்வுபெற்ற நில அளவையாளர். சங்கமென்றால் டொட் ஓர்க் என்று இருந்தால்தான் கௌரவம், டொட் கொம் கடைக்காரருக்கு உரியது என்றார். கடை வைப்பது என்ன ஹராமா என்று கேட்டார் திகனயில் புடவைக்கடை வைத்திருக்கும் பஹ்மி. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் மகேந்திரராசா மாஸ்டரோ, கனடாவில் இருக்கும் மருமகனைப் பிடித்து அந்த நாட்டு வாலையே வாங்கிவிடலாம் என்றார்.

“வாங்குங்க மாஸ்டர்,” என்றார் பஹ்மி. “உள்ளுக்குப் பிடிச்சுப் போட்டா சோத்துப் பார்சலும் கனடாவிலேந்து வருமா?”

அறை சிரித்தது. முன்கடையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த கடை முதலாளி திலகரத்னவும் சிரித்தார். விக்கெட் ஒன்று விழுந்திருக்க வேண்டும்.

கடைசியில் இலங்கையின் சொந்த வாலான டொட் எல்கே வென்றது. சுதந்திர தினத்தில் வாசலில் கட்டும் கொடியைப் போல, பார்க்கிறவன் பேசாமல் போய்விடுவான் என்று தலைவர் விளக்கினார். பலத்த கரகோஷம். சத்தியபாமா விசையைத் தட்டினாள். இத்தளத்தின் உரிமையாளர் யார், முழுப்பெயரும் முகவரியும் என்ன என்று திரை கேட்டது.

மேடைகளில் முழங்கிய தொண்டைகள் யாவும் ஒரே நேரத்தில் தண்ணீர் தேடின. விவேகானந்தனுக்கு ஓய்வூதியம் நினைவுக்கு வந்தது. மாஸ்டருக்கு இளைய மகளின் கலியாணம். பஹ்மி, தன் கடையின் முன்பக்கம் முழுவதும் கண்ணாடி என்று மட்டும் சொன்னார்.

“அப்ப என்ர பேரைப் போடுறன்,” என்றாள் சத்தியபாமா.

“வேண்டாம் பிள்ளை,” என்றார் விவேகானந்தன். “தமக்கை இப்பிடி ஒண்டு நடத்துறாள் எண்டு தெரிஞ்சால், உள்ளுக்கை இருக்கிற தம்பிக்கெல்லோ அடி விழும்.”

அவள் கை விசைப்பலகையிலிருந்து தானாக விலகியது.

ஆனால் நம்மவருக்கு வழியா தெரியாது? நம்மவர் கடைக்குச் சிங்களப் பெயர்ப்பலகை மாட்டுவதும், நம்மவர் வாங்கிய வான் வண்டியைச் சிங்கள அயலவர் பெயரில் பதிவதும் கலவரங்கள் பழக்கிவிட்ட வழக்கம். அந்த வழக்கப்படியே தமிழரின் குரலையும் திலகரத்னவின் சிங்களப் பெயருக்குள் ஒளித்துவைப்பதென்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. பேச்சு நமக்கு, பழி அவருக்கு. அந்தப் பெயரைக் கேட்டு வாங்கிவரும் வேலை சத்தியபாமாவின் தலையில் விழுந்தது.

அவள் முன்கடைக்குப் போய்த் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். தம்பியைப் பற்றிச் சொன்னாள். பெயர் கொடுப்பவருக்கு ஆபத்து வரலாம் என்பதையும் அவள் மறைக்கவில்லை. சொல்லச் சொல்ல அவளுக்கே கூசியது.

திலகரத்ன தொலைக்காட்சியை அணைத்தார். தம்பிக்கு என்ன வயதென்று சிங்களத்திலேயே கேட்டார். பிறகு எழுந்துபோய்க் கடையின் இரும்புக் கதவைச் சடசடவென்று இழுத்து மூடினார்.

அந்தச் சத்தத்தில் பின்னறை முழுவதும் எழுந்து நின்றது. பொலிசுக்குத்தான் சொல்லப் போகிறார் என்று மாஸ்டர் முணுமுணுத்தார். திலகரத்ன உள்ளே நுழைந்ததும், இதெல்லாம் சும்மா ஒரு பகடிக்கு என்று தலைவர் சிங்களத்தில் குழறத் தொடங்கினார்.

திலகரத்ன ஒருவரையும் பார்க்கவில்லை. கணினிக்கு முன்னால் கிடந்த கதிரையை இழுத்து, சத்தியபாமாவை இருக்கும்படி கைகாட்டினார்.

“எழுதுங்க புள்ள,” என்றார், சுத்தமான மலைநாட்டுத் தமிழில். “திலகரத்ன வேணாம். அது எம்பத்தி மூணு கலவரத்துல உசுருக்குப் பயந்து மாட்டிக்கிட்ட பேரு. ஹந்தானை தோட்டம், கருப்பையா மகன் மருதமுத்துன்னு போடுங்க.”

அவள் எழுதினாள். எழுத்துகள் கண்ணீரில் கலங்கித் தெரிந்தன. அதற்குக் கீழே, தளத்தின் பொறுப்பாளருக்கென்று ஒதுக்கிய கட்டம் வெறுமையாகக் கிடந்தது.

மருதமுத்து சுவரோரம் நின்ற வீரர்களை நோக்கித் திரும்பினார். வாசகரே, நீங்களும் எழுந்து நில்லுங்கள், பதிலைத் தயாராக வைத்திருங்கள். அவர் கேட்டது அவர்களை மட்டுமல்ல.

“அடுத்த பேரு யாருது?”