குளத்துக்கு முதுகு காட்டிய பெஞ்சு

"கையெழுத்துப் போடுங்க. பெஞ்சைத் திருப்பியே ஆகணும்!"

காலை ஏழு மணிக்கே மனுவோடு தெருவில் இறங்கிவிட்டார் சர்வேயர். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. இன்னமும் ஒரு வீட்டில் படம் கோணலாக மாட்டியிருந்தால், அங்கே அவருக்குத் தண்ணீர்கூட இறங்காது.

அப்படிப்பட்டவர் தினமும் நடக்கிற பூங்காவில், கவுன்சிலரம்மா போட்ட ஒரே பெஞ்சு குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அதுவும் சிமென்ட் பூசி! உட்கார்ந்தால் தெரிவது கம்பிவேலி, ரோடு, எதிர்வீட்டு மாடி ஜன்னல். குளத்து வாத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும்.

கவுன்சிலர் ஆவதற்கு முன் அந்தம்மா தெருமுனையில் தையல் கடை வைத்திருந்தார். ஊர் வாய்க்கு அது போதாதா?

"முன்பக்கம் பின்பக்கம் தெரியாமதான் இத்தனை நாள் நமக்குச் சட்டை தைச்சாங்களா?" என்று சிரித்தபடியே கையெழுத்துப் போட்டார் மருந்துக்கடைக்காரர்.

அடுத்த மாதம் தேர்தல். இன்று சாயங்காலம் வார்டுக் கூட்டம். ஒரு பெஞ்சை ஒழுங்காகப் போடத் தெரியாதவர் வார்டை எப்படி ஒழுங்காக வைத்திருப்பார் என்பதுதான் தெருவெல்லாம் பேச்சு. பேச்சைக் கிளப்பிவிட்டதே சர்வேயர்தான். மனு மேடை ஏறிவிட்டால் அந்தம்மா மறுபடியும் தையல் மிஷினுக்குப் போக வேண்டியதுதான்.

பத்து மணிக்குள் அறுபத்திரண்டு கையெழுத்து தேறிவிட்டது. அறுபத்து மூன்றாவதற்காக, பூங்காவுக்கு எதிர்வீட்டு மாடி ஏறினார்.

போன தேர்தலில் கவுன்சிலரம்மாவிடம் தோற்றுப்போன பழைய கவுன்சிலர் வீடு அது. தோற்ற சில மாதங்களிலேயே பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்துவிட்டது. ஜன்னலோரக் கட்டிலே கதி.

"வாய்யா சர்வேயர்! அவ பெஞ்சுக்கா மனு? கொண்டா, கொண்டா." வாய் லேசாகக் கோணினாலும் குரலில் பழைய மேடைக் காரம் குறையவில்லை. "குளம் எந்தப் பக்கம்னு தெரியாத கவுன்சிலர்! தினம் பார்த்துப் பார்த்துச் சிரிச்சு எனக்கு வயிறே வலிக்குதுய்யா."

இடது கையால் எப்படியோ ஒரு கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு, ஜன்னல் வழியாகக் கத்தினார்.

"டேய் தபாலு! நீ போட்டுட்டியா?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த தபால்காரர் நிமிர்ந்து கையாட்டினார். "மொத ஆளே நான்தான் தலைவரே! மாத்திரை போட்டீங்களா?"

"போட்டாச்சு, போட்டாச்சு! நீ போய் வேலையைப் பாரு!"

பரம திருப்தியோடு படி இறங்கினார் சர்வேயர். பின்னாலேயே ஓடி வந்தார் பழைய கவுன்சிலரின் மனைவி.

"அண்ணே, ஒரு நிமிஷம். அந்த மனுவைக் குடுக்காதீங்க."

"ஏம்மா? உங்க வீட்டுக்காரரே போட்டுட்டாரே!"

"அவருக்கு விஷயம் தெரியாதுண்ணே." மாடியை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "படுத்த புதுசுல சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். தோத்த மூஞ்சியை எவனும் பார்க்க வேணாம்னு சொந்தக்காரங்களைக்கூட விடலை. மூணு மாசம் ஒரு வார்த்தை பேசலை. அப்புறம் ஒருநாள், வேலையாளுங்க சத்தம் கேட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். 'அடியே, அவ பெஞ்சு போட்டிருக்கிற லட்சணத்தைப் பாரு'ன்னு சிரிச்சார். அதுதான் மொதப் பேச்சு. அதுக்கப்புறம், பெஞ்சுல உட்கார்றவங்க நிமிர்ந்தா இவர் முகம்தானே? பேச்சுக்குப் பஞ்சமே இல்லை."

"சந்தோஷம்மா. ஆனா, அந்தம்மா செஞ்ச தப்பு ஏதோ உங்களுக்கு நல்லதா முடிஞ்சிருக்கு. அதுக்காகத் தப்பு இல்லைன்னு ஆயிடுமா?"

"தப்பா? பெஞ்சு போடுறதுக்கு முன்னாடி ஒரு மத்தியானம், இவர் தூங்குறப்போ அந்தம்மாவே டேப்போட வந்தாங்கண்ணே. தலையணை உயரத்துக்குக் குனிஞ்சு, ஜன்னல் வழியா எந்த இடம் தெரியுதுன்னு பார்த்தாங்க. ரெண்டு தரம் பூங்காவுக்குப் போய்க் குச்சி நட்டுட்டுத் திரும்ப வந்து பார்த்தாங்க."

சர்வேயர் கையிலிருந்த மனுவை நாலாக மடித்தார்.

"தேர்தல் வருதே, இப்பவாவது எல்லார்கிட்டயும் சொல்லிடுங்கன்னு நேத்துகூடக் கெஞ்சினேன். 'சொன்னா அவர் காதுக்குப் போயிடும்க்கா. எனக்கு இவ இரக்கப்படுறாளான்னு ஜன்னலைச் சாத்திடுவார்'ங்கிறாங்க."

சாயங்காலம் கூட்டத்தில் உட்கார இடமில்லை.

கவுன்சிலரம்மா எழுந்து கைகூப்பினார். "பெஞ்சு விஷயத்துல தப்பு என்னோடதுதான். மன்னிச்சுக்குங்க. ஆனா அதைத் திருப்ப முடியாது."

"ஏன் முடியாது? காரணத்தைச் சொல்லுங்க!"

அந்தம்மா மறுபடியும் கைகூப்பினார். கூச்சல் கூரையைத் தொட்டது.

"சர்வேயர் சார், எங்க மனு?"

சர்வேயர் எழுந்தார். அந்தம்மாவை நிமிர்ந்து பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. சட்டைப்பையில் நாலாக மடித்த மனுவை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டார். முப்பது வருஷ சர்வீஸில், யார் மிரட்டியும் ஓர் அங்குலம்கூட மாற்றிச் சொல்லாத மனிதர். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மூணு தடவை அளந்து பார்த்துட்டேன். பெஞ்சு சரியாத்தான் இருக்கு. குளத்தைத்தான் எவனோ தப்பான பக்கம் வெட்டிட்டான்!"