நூலிழை பிசகாமல்

"ஐயையோ, சார் போட்ட படத்துலயா கை வெச்ச?"

"கத்தாதடி! ஒரே ஒரு குழாயைத்தான் பக்கம் மாத்தி வரைஞ்சேன்." ஆய்வு மாணவியின் உள்ளங்கை வியர்த்தது. கேட்ட தோழிக்கோ நெற்றியே வியர்த்தது.

படம், 'செல்' எனப்படும் ஒரு கண்ணாடி மின்பகுப்புக் கலத்தினுடையது. பெரிய அறையில் வினை நடக்கும். சின்ன அறை சும்மா துணைக்கு. மின்னழுத்தம் ஏறாமல் இறங்காமல் காவல் காக்கும் மின்முனைக்கு ஒரு குழாய் உண்டு. அது பெரிய அறையில் இருக்க வேண்டும். பேராசிரியர் அதைச் சின்ன அறையில் வரைந்து, கீழே மூன்று அங்குல நீளத்துக்குக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

"சார்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"போன வருஷம் அவர் தப்பை எடுத்துச் சொன்னவர் இன்னும் பீக்கர் கழுவிக்கிட்டு இருக்கார். அப்படியே விட்டா இன்னிக்கு வோல்டேஜ் நிக்காது. நிபுணர் குழு என் ஆராய்ச்சியை இழுத்து மூடிடும். மூணு வருஷ உழைப்புடி!"

"மாத்தினதை சார் பார்த்துட்டா?"

"அப்புறம் நானும் பீக்கர் கழுவ வேண்டியதுதான்."

கதவு திறந்தது. முன்னே பேராசிரியர், பின்னே நிபுணர்கள் மூவர், கடைசியில், படத்தைப் பார்த்துச் செய்த கலம் இருந்த பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி கண்ணாடி ஊதுபவர்.

"என்னோட செல் எதுவும் இதுவரைக்கும் சொதப்பினதே இல்ல. எல்லாம் டிசைன்ல இருக்கு!" ஆயிரம் பேர் கூடிய அரங்கில் பேசுவதுபோல் முழங்கினார் பேராசிரியர்.

பெட்டி திறந்தது. அவர் கலத்தைப் பார்க்கவில்லை. நிபுணர்கள் தன்னைப் பார்க்கிறார்களா என்று பார்த்தார். மாணவிதான் பார்த்தாள்.

குழாய் சின்ன அறையில் இருந்தது.

"அண்ணே, படத்துல பெரிய அறையிலதானே போட்டிருந்துச்சு?" கண்ணாடி ஊதுபவரிடம் கிசுகிசுத்தாள்.

"ஆமாம்மா." அவர் முகத்தில் அப்படியொரு பெருமை. "எனக்குக் கெமிஸ்ட்ரி தெரியாது. ஆனா சார் அந்தக் குழாயை எப்பவுமே தப்பான பக்கம்தான் போடுவார். அதனால அவர் எந்தப் பக்கம் போட்டாலும் எதிர்ப்பக்கம் ஒட்டிடுவேன். இருபது வருஷமா இப்படித்தான் ஓடுது. யார்கிட்டயும் மூச்சு விட்டுராதீங்க."

பேராசிரியர் கலத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"பாருங்க, என் படத்துலேர்ந்து நூலிழை பிசகல!"

ஒவ்வொரு கலத்துக்கும் அவர் சொல்லும் வாக்கியம்தான். இருபது வருடத்தில் இன்றைக்குத்தான் அது உண்மையாக இருந்தது.