இல்லாத உறுப்பு

மனித இனம் வெட்கத்தை வென்றுவிட்டது என்று அந்தக் கல்லூரியின் இளையோர் இனப்பெருக்க நல மையத்தில் கல்வெட்டே பதித்திருந்தார்கள். மையம் எந்தப் பக்கம் என்று கேட்கத்தான் எல்லோருக்கும் வெட்கமாக இருந்தது.

உள்ளே மனிதர் யாரும் கிடையாது, ‘தோழி’ என்ற இயந்திர மருத்துவர் மட்டும்தான். பிள்ளைகளோடு பிள்ளையாகப் பழகட்டும் என்று அதற்கு ‘மச்சி’ போடக் கற்றுக்கொடுத்த பேராசிரியர் குழு, பண்பாடு கருதிச் சில சொற்களை மட்டும் அதன் நினைவிலிருந்து நீக்கிவிட்டது.

ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த இரண்டாமாண்டு மாணவி பெனிட்டா, கதவைச் சாத்திக்கொண்டு, விலங்கியல் பாடத்தில் படித்த சொல்லையே சொல்லி, அங்கே அரிக்கிறது என்றாள்.

“நம்ம காலேஜ்ல அப்படி ஒரு உறுப்பு கிடையாதே மச்சி,” என்றது தோழி.

“இருக்கு. எனக்கு இருக்கு.”

“டென்ஷன் ஆகாத. கண்ணு, காது, மூக்கு, முழங்கால் இருக்கு. எதுல போடட்டும்?”

“ஏதோ ஒண்ணைச் சொன்னா மருந்து குடுப்பியா?”

“கண்டிப்பா மச்சி.”

பெனிட்டா யோசித்தாள். இருக்கிற நாலில் அதுதான் கொஞ்சம் பக்கம்.

“முழங்கால்,” என்றாள்.

தோழி ஒரு முழங்கால் பட்டையை நீட்டியது. அதைக் கட்டிக்கொள்ளும்வரை கதவு திறக்கவில்லை.

வராந்தாவில் பட்டை கட்டிய மாணவிகள் ஆறேழு பேர் நொண்டாமல் நடந்துகொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

சாயங்காலத்துக்குள் பெனிட்டாவுக்கு முழங்காலும் அரிக்கத் தொடங்கியது.