கலேப் செய்த பத்தொன்பது தப்புகள்

"பத்தொன்பது தப்பு செலின்! எல்லாமே கலேப். இவனைப் போய் இன்னும் வெச்சிருக்கியே?"

தனசிங் நோட்டை மனைவி முன்னால் போட்டார்.

வெளியே மெட்டுகுடா கடைத்தெரு தூறலில் நனைந்துகொண்டிருந்தது. ஓவனிலிருந்து வந்த வெனிலா வாசனையில் செலினுக்குப் பாதிக் கனவு. குகட்பள்ளியில் திறக்கப்போகும் இரண்டாவது பேக்கரி அதில் மெல்ல மிதந்துகொண்டிருந்தது. பெயர்ப்பலகைகூடத் தெரிந்தது.

அந்த நோட்டு அவள் யோசனைதான். 'தப்பு நடந்தா எழுதுங்க, யாரையும் திட்ட மாட்டேன்' என்று சொல்லியிருந்தாள். திங்கட்கிழமைதோறும் தப்பை மட்டும் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவாள். பெயர் பக்கம் போகவே மாட்டாள். எந்தத் தப்பும் இரண்டாம் முறை நடக்கவில்லை. கடை வளர்ந்ததே அதனால்தான்.

"நல்லா வேலை செய்றவன்ங்க."

"ஹவ், ஆமா, ரொம்ப நல்லா! உஸ்மானியா பிஸ்கட் மாவுல ஒரே நேரத்துல உப்பை ரெண்டு தடவை போட்டிருக்கான். திருமுல்கேரி கேக்கை... சரி, அதை விடு." தனசிங் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினார். "மத்த நாலு பேர் பேர்ல ஒண்ணுகூட இல்ல. இவன் நக்கோ, வேண்டவே வேண்டாம். இன்னிக்கே அனுப்பிடு."

செலின் கலேப்பைக் கூப்பிட்டாள். கையெல்லாம் மாவோடு வந்து நின்றான்.

"என்ன கலேப், இவ்வளவு தப்பா?"

"கவனம் பத்தலக்கா."

"அப்போ... நாளையிலேருந்து வர வேண்டாம்."

முகம் வாடியது. இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைப்பவன். ஆனாலும், "நோட்டை மட்டும் நிறுத்திடாதீங்கக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

செலினுக்கு மனசு கேட்கவில்லை. நோட்டைப் புரட்டினாள்.

'டிசம்பர் 20. ப்ளம் கேக்கில் சோடா விட்டுப்போச்சு. போன் பேசிக்கொண்டே மாவு கலக்கக் கூடாது. - கலேப்.'

கனவு கலைந்தது.

கையெழுத்து கலேப்புடையதுதான். ஆனால் அன்று அவன் வேலைக்கே வரவில்லை. மகளுக்கு ஞானஸ்நானம். போன் பேசிக்கொண்டே மாவு கலந்தது செலின். கேக் கல்லாகி வந்ததும், "ஓவன் சரியில்ல" என்று சமாளித்தவளும் அவள்தான்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. கலேப் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினாள். நோட்டை எல்லோர் கண்ணிலும் படும்படி மேஜையில் விரித்து வைத்துவிட்டு, குகட்பள்ளிக் கடைச் சாவியோடு கலேப்பைத் தேடிப் போனாள்.

மாலைக்குள் இன்னும் பதினாறு இடங்களில் கலேப் பெயர் அடிக்கப்பட்டு, வேறு வேறு கையெழுத்தில் வேறு வேறு பெயர்கள் ஏறியிருந்தன.

'திருமுல்கேரிக்குப் போக வேண்டிய கேக்கை வேறு வீட்டில் கொடுத்தது' என்ற வரிக்கு நேரே, தனசிங்கின் கையெழுத்தில், தனசிங்.