முள் படாத தட்டு

இசைத்தட்டின் மேல் முள் தடுக்கி, தாவி, பாட்டின் நடுவே போய் விழுந்தது.

பழைய இசைத்தட்டுகளைச் சேகரிக்கும் அவன் பதறி அதைத் தூக்கினான். தட்டு வழுக்கிக்கொண்டே இருந்தது. மேலே ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்தான். பாரம் வைக்காவிட்டால் இந்தத் தட்டுகள் ஒழுங்காகச் சுற்றாது.

காகிதக் கனத்தில் நீல நிற பிளாஸ்டிக். ஒரு காலத்தில் சலவைத்தூள் வாங்கினால் டப்பாவோடு சும்மா கொடுத்தார்கள். இரண்டு பெண்கள் பேசிக்கொள்ளும் விளம்பரம், பிறகு ஒரு பாட்டு. சும்மா வந்ததற்கு ஆயுசும் அவ்வளவுதான். ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் முள் குரலைக் கொஞ்சம் சுரண்டிவிடும். மடித்த இடத்தில் கோடு விழும். விழுந்தால் விழுந்ததுதான், எந்த சாமியாலும் நிமிர்த்த முடியாது.

எதிரே நாற்காலி நுனியில் ஞானப்பிரகாசம். பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் மகள் பிலோமினா, பதிவு செய்யக் கைப்பேசியை நீட்டிப் பிடித்திருந்தாள்.

விளம்பரத்தில் பேசும் அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி செசிலி. அவருடைய மனைவி. இப்போது இல்லை. அவள் குரல் வேறு எதிலும் பதிவாகவில்லை.

முள் மறுபடி இறங்கியது.

‘அக்கா, உங்க வீட்டுத் துணி மட்டும்...’

அதற்கு மேல் கரகரப்பு. குரல் இழுபட்டு, தடித்து, யாரோ ஆம்பிளை பேசுவதுபோல் ஆகி, நின்றுபோனது. பாட்டு வந்துவிட்டது.

பெரியவர் காதைச் சாய்த்துக் கேட்டார். முகத்தில் ஒன்றும் வரவில்லை.

“சார், இதே தட்டு வேற நல்லதா ஏதும் இருக்கா?” என்றாள் பிலோமினா.

“இது ஒண்ணுதாம்மா.”

வாய் கூசவே இல்லை. அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பீரோவில், இரண்டு அட்டைகளுக்கு நடுவே, இதே தட்டு இன்னொன்று இருக்கிறது. மடிப்பு விழாதது. முள்ளே படாதது. அவன்கூட ஓட்டிக் கேட்டதில்லை. சேகரிப்பவர்களின் வாட்ஸப் குழுவில் படம் போட்டு அத்தனை பேரையும் பொறாமைப்பட வைத்திருக்கிறான். ஒரே ஒரு தடவை ஓட்டினால் போதும், முள் படாத தட்டு என்ற பெயர் போய்விடும். கேட்காமல் வைத்திருப்பதுதான் பெருமையாம். என்ன பெருமையோ!

பிலோமினா கைப்பேசியைப் பைக்குள் போட்டாள்.

பெரியவர் எழுந்து வாசலுக்குப் போனார். ஒரு செருப்பில் காலை நுழைத்தவர் அப்படியே நின்றார்.

“இது அவ குரலே இல்லியேம்மா.”

“தட்டு பழசுப்பா.”

“தட்டை ஏன் குத்தம் சொல்ற? தம்பி பத்திரமாத்தான வச்சிருக்காரு. எனக்குத்தான் மறந்துபோச்சு.”

சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“இத்தனை நாளும் வேற யாரு குரலையோ மனசுக்குள்ள வச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.”

அவன் பீரோவைப் பார்த்தான். அடப்பாவி, ஒரு பிளாஸ்டிக் தாளுக்காகவா என்று தன்னையே திட்டிக்கொண்டான். திட்டிக்கொண்டானே தவிர, கால் நகரவில்லை. கீழே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

பெரியவர் இன்னொரு செருப்பைக் காலால் துழாவினார்.

“ஐயா... கொஞ்சம் இருங்க.”

பீரோச் சாவி சரியாக நுழைய மறுத்தது. அட்டையைப் பிரித்தான். தட்டைப் பொருத்தினான். நாணயத்தை எடுத்து வைக்கும்போதுகூட, கீறிவிடுமோ என்று விரல் பார்த்துப் பார்த்து வைத்தது.

முள்ளைக் கையில் பிடித்தபடி நின்றான்.

இறக்கினான்.

‘அக்கா, உங்க வீட்டுத் துணி மட்டும் எப்படி இப்படிப் பளிச்சுனு இருக்கு? உங்க வீட்டுக்காரரா துவைக்கிறாரு?’

அப்புறம் ஒரு சிரிப்பு. விளம்பரத்துக்குச் சிரித்ததுபோல் இல்லை. அடக்கப் பார்த்து, முடியாமல் போன சிரிப்பு.

பெரியவர் ஒற்றைச் செருப்போடு கூடத்துக்குள் வந்துவிட்டார்.

“அவதான்! மூக்கால சிரிக்கிறா பாரு. நான் மறக்கல பிலோமி. மறக்கவே இல்ல.”

கண்ணீர் வழிந்து சட்டையில் சொட்டியது. துடைத்துக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

பிலோமினா பைக்குள் கையை விட்டுக் கைப்பேசியைத் தேடினாள். அது கைக்கு வருவதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது.

“தம்பி, இன்னொரு தடவை போடுங்க. இவ பதிஞ்சுக்கட்டும்.”

அவன் முள்ளைத் தூக்கினான். தட்டு சுற்றி நின்றது. ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தான். மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது.

கை அந்தரத்திலேயே நின்றது.

ஒரு கணம்தான், பிறகு முள்ளை இறக்கினான்.

பிலோமினா அப்பாவைப் பார்க்கவில்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.