மாப்பிள்ளையின் இடது தொடை

“மாப்பிள்ளை நொண்டறாரே, கவனிச்சியா?” என்று அருள்ஜோசப் மனைவியின் காதில் கிசுகிசுத்தார்.

பெண் பார்க்க வந்திருந்த ஐசக் ஓசூர் சிப்காட்டில் லேத் ஓட்டுகிறவன். தங்கமான பையன் என்று பாஸ்டரே சொல்லி, கூடவே வந்திருந்தார். ஆனால் வாசலில் புதுச் செருப்பைக் கழற்றிவிட்டு அவன் தாங்கித் தாங்கி நடந்து வந்ததைப் பார்த்ததும் அருள்ஜோசப்புக்குச் சந்தேகம் தட்டியது. சாராள் அவருக்கு ஒரே மகள். கிருஷ்ணகிரியில் ஹாஸ்டலில் தங்கி நர்ஸுக்குப் படிக்கிறாள்.

“காலுல என்னங்க?” என்று கேட்டேவிட்டார்.

“சைக்கிள்ல இருந்து விழுந்துட்டேனுங்க.” ஐசக் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

“விழுந்ததுதானா, இல்ல பொறந்ததுல இருந்தா?”

ஐசக்கின் அம்மாவுக்கு முகம் சுருங்கியது. சம்பந்தம் அங்கேயே முறிந்துவிடும் போலிருந்தது.

அடுப்படியிலிருந்து சாராளின் குரல் மட்டும் வந்தது. “அப்பா, இடது காலை முன்னால நீட்டச் சொல்லுங்க. நீங்க கணுக்காலை அமுக்கிப் பிடிங்க.”

அமுக்கினார். ஐசக் சுலபமாக நீட்டினான்.

“முட்டியை நீட்டறது முன்தொடையில இருக்கிற நாலு தசை. அது நல்லா இருக்கு. இப்ப ரெண்டு முட்டிக்கும் நடுவுல உங்க முஷ்டியை வச்சு, இறுக்கச் சொல்லுங்க.”

வருங்கால மாமனாரின் கை மாப்பிள்ளையின் முட்டிகளுக்கு நடுவே போனதும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஐசக் இறுக்கினான். “அம்மா” என்று முனகினான்.

“உள்தொடைத் தசைப்பா. காலை உள்பக்கம் இழுக்கறது அதுதான். ரொம்ப அகட்டினா சுளுக்கிக்கும். எலும்புல ஒண்ணுமில்ல, பத்து நாள்ல ஓடுவாரு.”

மகளைப் படிக்க வைத்தது வீண்போகவில்லை என்று அருள்ஜோசப்புக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே சம்மதம் சொன்னார். பாஸ்டர் ஜெபம் செய்தார்.

ஐசக் கிளம்பி, வாசலில் குனிந்து செருப்பை மாட்டும்போதுதான் அவருக்கு உறைத்தது. அடுப்படியை விட்டு வெளியே வராதவளுக்கு இடது கால் என்று யார் சொன்னது? போன வாரம் ஹாஸ்டல் வார்டன் போனில் புலம்பியதும் நினைவுக்கு வந்தது.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மாப்பிள்ளையின் காதருகே குனிந்தார்.

“மாப்ளே, உங்க பழைய செருப்புல இடது கால் போன வாரம் ஹாஸ்டல் சுவத்தடியில கிடைச்சுதாம், வார்டனம்மா பத்திரமா வச்சிருக்காங்க. வாங்கப் போனா இந்தத் தடவை கேட் வழியாப் போங்க.”